அந்த 175 கிலோ கொழுந்து எங்கே போனது? இம்போர்ட்டா, டைரக்ட்குவெரியா, இரண்டும் கலந்ததா

காலை ஏழரை இருக்கும். தேயிலைப் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா போன் எடுத்தார். "தம்பி, துரையோட ரிப்போட்டுல நேத்துக் கொழுந்து 6,412 கிலோ. என் போன்ல 6,587. நடுவுல 175 கிலோ எங்க போச்சு? ஆடு மேஞ்சிருச்சா?"

துரை என்றால் தோட்ட மனேஜர், கொழுந்து என்றால் பறித்த பச்சைத் தேயிலை. இரண்டு எண்களும் பவர் பீஐயில், அதாவது தரவை அறிக்கையாக்கும் மைக்ரோசொப்ட் மென்பொருளில், செய்த அறிக்கைகளில் வந்தவை. பெக்டரி ஒபிஸ் மூலையில் நிற்கும் ஒரே எஸ்கியூஎல் சேர்வரிலிருந்துதான் (டேட்டாபேஸ் இருக்கும் கணினி) இரண்டும் தரவை எடுக்கின்றன. இரண்டையும் செய்தவன் நான். ஆகவே ஆட்டைத் தேட வேண்டியவனும் நானே.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு நிறை என்பது புதிதில்லை. மலையில், அதாவது கொழுந்து எடுக்கும் தேயிலைத் துண்டில், நிறுத்தால் ஒரு கணக்கு, பெக்டரித் தராசில் ஏறினால் வேறொரு கணக்கு. சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, மழைத்தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது என்ற சண்டை எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்தே ஓயவில்லை. ஆனால் கொழுந்திலிருந்து ஈரம் ஆவியாகும். டேட்டாபேஸிலிருந்து எதுவும் ஆவியாகாது. அங்கே 175 கிலோ குறைகிறது என்றால் அதற்கான காரணம் எங்கோ ஓரிடத்தில் பதிவாகியே இருக்கும்.

அதைத் தேடிப் போனபோதுதான் பெரிய கேள்வி வந்து நின்றது. இலங்கை மலைநாட்டில் அட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தின் அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுபோவதா? அப்படியென்றால் எந்த முறைக்கு? தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இதே தலையிடியோடு யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்களுக்காக நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்று முறைகளும் என்ன செய்கின்றன

இம்போர்ட் முறையில் பவர் பீஐ சேர்வரிலிருந்து தரவை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்த் தன் நினைவகத்தில் சுருக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த ரிஃப்ரெஷ் வரும்வரை அது அப்படியே இருக்கும். வேலையாட்களின் பேர்ப்பதிவான செக்ரோலைப் போனில் படம் பிடித்து வைத்திருப்பது மாதிரி. டைரக்ட்குவெரியில் அப்படி ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் சேர்வருக்கு ஒரு கேள்வியாவது அனுப்பிப் பதில் வாங்கி வரும். படத்தைப் பார்க்காமல் கணக்கப்பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்பது மாதிரி. டூவல் என்பது ஓர் அட்டவணைக்கு இரண்டு வேடமும் கொடுப்பது. எந்தக் கேள்வியில் எந்த அட்டவணையோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பார்த்து, சில சமயம் சேமித்த பிரதியிலிருந்து பதில் சொல்லும், சில சமயம் சேர்வரிடம் போகும்.

துரையின் அறிக்கை இம்போர்ட். டீமேக்கர் ஐயாவுடையது டைரக்ட்குவெரி. "அப்போ டைரக்ட்குவெரிதானே சரி, அது நேரடியா எடுக்குதே" என்று ஒபிஸில் எல்லாரும் சொன்னார்கள். நானும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

175-ஐ உடைத்துப் பார்த்தால்

மாத மொத்தத்தை வைத்துக்கொண்டு தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். ஒரே நாள், ஒரே எண் என்று எடுத்துக்கொண்டு சேர்வரிலேயே நேராகக் கேட்டேன்: நேற்றைய தேதிக்கு எத்தனை வரிகள், கூட்டினால் எத்தனை கிலோ? வரிகளின் எண்ணிக்கையை முதலில் பார்ப்பது முக்கியம். கிலோ வித்தியாசம் தசமத்தாலும் வரலாம். வரிகளே குறைந்தால், அவை எங்கேயோ விழுந்திருக்கின்றன என்றுதான் அர்த்தம்.

சேர்வர் சொன்னது 6,624 கிலோ. துரையின் எண்ணும் இல்லை, டீமேக்கர் ஐயாவின் எண்ணும் இல்லை! இரண்டுமே பிழை.

இம்போர்ட் பக்கத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அது ரிஃப்ரெஷ் ஆனது மாலை 7 மணிக்கு. கீழ்ப்பிரிவில் அன்று பின்னேரம் இணைய லைன் இல்லாததால், அந்தி நிறையை எட்டு மணிக்குப் பிறகுதான் ஏற்றியிருக்கிறார்கள். அது 212 கிலோ. 6,412-ஓடு கூட்டினால் 6,624. சரி, கணக்கு முடிந்தது.

டைரக்ட்குவெரிதான் மண்டையைக் காய வைத்தது. நேரடியாகக் கேட்கும் ஒன்று எப்படி 37 கிலோவை விடும்? பெர்ஃபோமன்ஸ் அனலைஸரைத் திறந்து, அந்தக் கட்டத்தின் கேள்வியைக் கொப்பி பண்ணி, டாக்ஸ் ஸ்டுடியோ என்ற சோதனைக் கருவியில் ஓட்டி, அது சேர்வருக்கு அனுப்பும் எஸ்கியூஎல்லைப் பார்த்தேன். நிறை அட்டவணையையும் மலைப் பட்டியலையும் இன்னர் ஜொய்ன் போட்டு இணைத்திருந்தது. அதாவது, மலைப் பட்டியலில் பெயர் இல்லாத மலையின் கொழுந்து கணக்கிலேயே வராது. போன மாதம் 12ஆம் நம்பர் மலையைப் பிரித்து 12ஏ என்று ஒன்று உண்டாக்கியிருந்தார்கள். மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், நிறுக்கிறார்கள், ஏற்றுகிறார்கள். மலைப் பட்டியலில் 12ஏயை யாரும் சேர்க்கவில்லை.

இன்னர் ஜொய்ன் எங்கிருந்து வந்தது? நான் போட்டதுதான். டைரக்ட்குவெரித் தொடர்புகளில் 'அசியூம் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் கேள்விகள் வேகமாகும் என்று படித்துவிட்டு டிக் போட்டிருந்தேன். வேகமாகத்தான் ஆனது. இரண்டு பக்கமும் எல்லாக் குறியீடுகளும் ஒழுங்காகப் பொருந்தும் என்று நாம் கொடுக்கும் வாக்குறுதி அது. வாக்குறுதி பொய்யானால் பொருந்தாத வரிகள் சத்தமில்லாமல் விழும். எந்த எச்சரிக்கையும் வராது. இம்போர்ட்டில் அப்படி இல்லை. சாதாரணத் தொடர்பில் பொருந்தாத மலைகளை எல்லாம் ஒரு வெற்று வரியின் கீழ் கொண்டுவந்து நிறுத்தும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கிலோ கணக்கில் இருக்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அந்தப் பக்கத்தில் 'வாங்கிய கொழுந்து தவிர' என்று மலைப் பட்டியலை வைத்து ஒரு வடிகட்டி போட்டிருந்தேன். அந்த வடிகட்டியால்தான் மொத்தத்தைக் கேட்கும்போதும் மலைப் பட்டியல் இழுத்து வரப்படுகிறது. வடிகட்டியை எடுத்தேன், 37 கிலோ திரும்பி வந்தது. வடிகட்டியைப் போட்டால் போகிறது, எடுத்தால் வருகிறது என்றால் தொடர்பைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது அந்த 175-ஐத் திரும்பப் பாருங்கள். ஒரு பக்கம் 212 குறைந்தது, மறுபக்கம் 37 குறைந்தது. 212-இலிருந்து 37 போனால் 175. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒரே பிழை மாதிரி நின்றிருக்கின்றன. "ரிஃப்ரெஷ் பண்ணிட்டாச் சரியாயிடும்" என்று இம்போர்ட்டை மட்டும் ரிஃப்ரெஷ் செய்திருந்தால், வித்தியாசம் 37 ஆகக் குறைந்திருக்கும். அதை "தசமப் பிரச்சினை" என்று சொல்லி மூடியிருப்போம். 12ஏ மலையில் எடுத்த நாலைந்து பேரின் கொழுந்து அந்த அறிக்கையில் ஒரு நாளும் வந்திருக்காது. கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

அதிகாலை ஐந்து மணிப் பிரச்சினை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலங்கையில் இருக்கும் நம் எல்லாரையும் இது கடிக்கும்.

பவர் பீஐயின் இணையச் சேவை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி. ஆகவே நமக்குக் காலை 5.30 ஆகும்வரை அதற்கு 'இன்று' என்றால் நேற்று. பெக்டரி ராவிலும் ஓடும். டீமேக்கர் ஐயா அதிகாலை நாலரைக்கே போனைத் திறப்பார். அவருக்கு 'இன்றைய கொழுந்து' என்ற இடத்தில் நேற்றையது நின்றது. அதே கோப்பை என் லெப்டொப்பில் திறந்தால் சரியாக இருந்தது, ஏனென்றால் லெப்டொப் நம் நேரத்தில் ஓடுகிறது. "என் மெஷின்ல சரியா இருக்கே ஐயா" என்று நான் சொன்னது இன்றைக்கும் ஒபிஸில் பகிடியாக ஓடுகிறது.

இம்போர்ட்டில் இது இன்னும் மோசம். இன்னொரு இம்போர்ட் அறிக்கையில் 'இன்றா?' என்று ஒரு கணக்கிட்ட பத்தியை (நெடுவரிசையை), இன்றைய தேதியைத் தரும் டுடே சூத்திரத்தை வைத்துச் செய்திருந்தேன். அந்தப் பத்தி ரிஃப்ரெஷ் ஆகும் நேரத்தில் மட்டுமே கணக்கிடப்படும். காலை 5 மணிக்கு ரிஃப்ரெஷ் வைத்திருந்ததால், அது நேற்றைய தேதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ரிஃப்ரெஷ் வரை, அதாவது பகல் 1 மணி வரை, விடவில்லை. ரிஃப்ரெஷ்ஷை 6 மணிக்குத் தள்ளினேன். டுடேக்குப் பதிலாக யூடிசி நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி எழுதினேன். டைரக்ட்குவெரியில் சேர்வரிலேயே ஒரு வியூ (சேமித்து வைத்த கேள்வி) எழுதி, அந்தச் சேர்வரின் நேரத்தைப் பயன்படுத்தினால் அது நம்மூர் நேரம். ஒரு பக்கம் வியூவின் 'இன்று', இன்னொரு பக்கம் பவர் பீஐயின் 'இன்று' என்று கலந்து வைத்தால், ஒவ்வொரு அதிகாலையும் கணக்கு பிசகும்.

சின்னச் சின்ன வித்தியாசங்கள்

தொழிலாளர் குறியீட்டில் ஆங்கில எழுத்து இருந்தால், ஒருவர் பெரிய எழுத்தில் ஏற்றுவார், மற்றவர் சின்ன எழுத்தில் ஏற்றுவார். இம்போர்ட் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். டைரக்ட்குவெரியில் அது சேர்வரின் அமைப்பைப் பொறுத்தது. வித்தியாசம் பார்க்கும் சேர்வராக இருந்தால், பேர் எண்ணிக்கையில் ஓர் ஆள் இரண்டு ஆளாவார். தசமங்களுக்கு, பணக் கணக்கில் 'ஃபிக்ஸ்ட் டெசிமல்' வகையை வையுங்கள், சதக் கணக்கில் வரும் பிசகு போகும். இன்னொன்று: ஆளுக்கு ஆள் பார்வை உரிமை வேறு என்றால் எண்ணும் வேறு. சின்னத்துரை (உதவி மனேஜர்) தன் பிரிவை மட்டும் பார்க்கிறார் என்பதை மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிழை தேடியவர்கள் உண்டு.

சரி, எதைத் தேர்வது?

இம்போர்ட்டின் மேல் பலருக்கு இருக்கும் பயம், தரவு பெரிதாகிவிடும் என்பது. எங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கொழுந்து எடுப்பவர்கள் சுமார் 350 பேர், நாளுக்கு மூன்று நிறை, வருடத்தில் முந்நூறு நாள் என்றால் 315,000 வரிகள். ஐந்து வருடத்துக்குப் பதினைந்து லட்சத்துக்குச் சற்று மேல். புரோ உரிமத்தில் ஒரு மொடலுக்கு 1 ஜிபி வரை இடம் உண்டு. இந்த அளவு தரவு அதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே தோட்ட அளவில் 'தரவு பெரிது, அதனால் டைரக்ட்குவெரி' என்ற பேச்சு எடுபடாது.

இம்போர்ட்டின் உண்மையான பலவீனம் நேரம். புரோவில் நாளுக்கு 8 தடவைதான் ரிஃப்ரெஷ் வைக்கலாம்; பிரீமியத்தில் 48. அந்த எட்டையும் பெரட்டு (காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிப்பது), நிறை நேரங்களுக்கு ஏற்ப வைத்தால் போதும் என்பது என் அனுபவம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் சேர்வரையும் பவர் பீஐயின் இணையச் சேவையையும் இணைக்கும் கேட்வே ஓடும் மெஷின் நின்றால் ரிஃப்ரெஷ் தோற்கும். தொடர்ந்து நான்கு தடவை தோற்றால் பவர் பீஐ அந்த ரிஃப்ரெஷ் நேர ஒழுங்கையே நிறுத்திவிடும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்ததற்குப் பிறகு, மூன்று நாள் பழைய எண்ணையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரிஃப்ரெஷ் தோற்ற மெயில் எனக்குத்தான் வந்திருந்தது. நான் லீவில் இருந்தேன். இப்போது அது மூன்று பேருக்குப் போகிறது.

இன்னொரு குழி, புதிய பகுதியை மட்டும் புதுப்பிக்கும் இன்கிரிமென்டல் ரிஃப்ரெஷ். கடைசி ஏழு நாளை மட்டும் புதுப்பிக்கும்படி வைத்திருந்தேன். பெரிய கிளாக்கர் மாத முடிவில் உட்கார்ந்து 3ஆம் திகதிக் கணக்கைத் திருத்துவார். அந்தத் திருத்தம் ஏழு நாளுக்கு வெளியே இருப்பதால் இம்போர்ட்டுக்குள் வரவே வராது. டைரக்ட்குவெரியில் உடனே வரும். இதுவும் 'மர்ம வித்தியாசம்' ஆனது. எங்கள் அளவுக்கு இன்கிரிமென்டலே தேவையில்லை, முழுசாக ரிஃப்ரெஷ் செய்துகொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன்.

டைரக்ட்குவெரியின் பலம் தெளிவானது: கேட்ட நேரத்துக்கு உள்ள பதில். ஆனால் 'லைவ்' என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. திறந்தபடி கிடக்கும் பக்கம், தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தாலொழிய, தானாக மாறாது. டேஷ்போர்டில் ஒட்டிய கட்டங்கள் வழக்கமாக மணிக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கப்படும். அப்புறம், ஒரே பக்கத்தின் கட்டங்கள் ஒரே நொடியில் கேட்பதில்லை. பகல் நிறை ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே மொத்தம் 2,310 என்றும் கீழே பிரிவுவாரியாகக் கூட்டினால் 2,268 என்றும் காட்டியது. இரண்டும் அந்தந்த நொடிக்குச் சரி. இதைத் துரையிடம் விளக்கிப் பாருங்கள்!

சேர்வரின் மேல் விழும் சுமையும் உண்டு. நிறை ஏற்றுவதும் அதே சேர்வரில்தான். ஒன்பது கட்டமுள்ள பக்கத்தை ஆறு பேர் ஒன்றாகத் திறந்தால் குறைந்தது ஐம்பத்து நாலு கேள்விகள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் டெப்ளட்டை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, "அண்ணே சுத்திக்கிட்டே இருக்கு" என்று போன் பண்ணும். லைன் அறுந்தால் டைரக்ட்குவெரியில் ஒன்றுமே தெரியாது. இம்போர்ட்டில் நேற்றையதாவது தெரியும். கொழும்பில் உட்கார்ந்து இதை யோசிப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிதாகப் படாமல் போகலாம். நமக்கு அதுதான் முதலாவது.

டூவலும் கலப்பு மொடலும் காகிதத்தில் அழகு. மலைப் பட்டியல், தொழிலாளர் பட்டியல் போன்றவற்றை டூவலில் வைத்து, நிறை அட்டவணையை டைரக்ட்குவெரியில் விட்டால் வேகமும் கிடைக்கும், புதுமையும் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும். ஆனால் சேமித்த பிரதியும் சேர்வரும் ஒத்துப்போவதைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பவர் பீஐ அதைச் சரிக்கட்டித் தராது. புதிய பிரிவு ஒன்றைச் சேர்வரில் சேர்த்தாயிற்று, பிரதி இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்றால், தெரிவுப் பட்டியலில் அந்தப் பிரிவின் பெயர் இருக்காது, மொத்தத்தில் அதன் கிலோ இருக்கும். அதைவிட ஆபத்து, டூவல் என்று வைக்க வேண்டியதை வெறும் இம்போர்ட் என்று வைத்துவிடுவது. அப்போது இரண்டு அட்டவணைகளுக்கும் இடையிலான தொடர்பு 'லிமிடெட்' வகையாகிவிடும். அந்த வகையில் வெற்று வரி சேராது. பொருந்தாத வரிகள், நாம் எந்த டிக்கும் போடாமலேயே, விழுந்துவிடும். 12ஏ கதைதான், இன்னும் ஆழமான குழியில்.

பழைய மாதங்கள் இம்போர்ட்டிலும் இன்றைய நாள் மட்டும் டைரக்ட்குவெரியிலும் இருக்கும் ஹைபிரிட் அட்டவணை எனக்குப் பிடித்த வழி. அதற்குப் பிரீமியம் நிலை உரிமம் வேண்டும். விலையைக் கேட்டதும் துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நாங்கள் எடுத்த முடிவு

பணம் போகும் எண்ணை நகராமல் வைத்திருக்க வேண்டும். சம்பளம், பேர், மேலதிகக் கிலோ, மாத அறிக்கை எல்லாம் இம்போர்ட். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் ரிஃப்ரெஷ் கட்டாயம், நடுவில் மூன்று. பக்கத்தின் தலையில் 'இவ்வளவு மணி வரையான கணக்கு' என்று நம்மூர் நேரத்தில் ஒரு வரி. ஒரு தொழிலாளி "என் கிலோ எங்கே" என்று கேட்டு வந்தால், எந்த நேரத்துப் படத்தைப் பார்க்கிறோம் என்று இரு பக்கமும் தெரிய வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணை வைத்து யாரும் நியாயம் பேச முடியாது.

டீமேக்கர் ஐயாவுக்கு ஒரே ஒரு சின்னப் பக்கம், டைரக்ட்குவெரியில். இன்று இதுவரை பிரிவுவாரியாக எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். எத்தனை ட்ரஃப்பில் கொழுந்து வாட்டப் போடுவது, லொறி இன்னொரு நடை போக வேண்டுமா என்று முடிவெடுக்க அது போதும். 40 கிலோ முன்பின் ஆனால் அவருக்குக் குடி முழுகாது. அந்தப் பக்கத்தில் ரூபாய் என்ற சொல்லே வரக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். இன்டெக்ரிட்டி டிக்கை எடுத்தாயிற்று. வேகம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. மலைப் பட்டியலில் இல்லாத குறியீடுகளைக் காட்டும் ஒரு சிவப்புக் கட்டத்தையும் இம்போர்ட் பக்கத்தில் வைத்தோம். அதில் எண் வந்தால் பெரிய கிளாக்கருக்கு அன்றே வேலை.

டூவல் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம். பட்டியல்கள் சுத்தமாகி, பார்க்க இரண்டாவது ஆள் ஒருவர் வந்த பிறகு யோசிக்கலாம். தனி ஆளாக மூன்று முறையையும் கட்டி மேய்க்க என்னால் முடியாது.

நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்றால், கோப்பை முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். டைரக்ட்குவெரி அட்டவணையை இம்போர்ட்டுக்கு மாற்றினால், அதே கோப்பில் அப்படியே திரும்பி வர வழியில்லை என்று மாற்றும்போதே ஒரு எச்சரிக்கை வரும். நான் அதைப் படிக்காமல் ஓகே கொடுத்தேன். டீமேக்கர் ஐயாவின் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து கட்ட ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.